கல்லுக்கு ஒரு பை

ஜெகதேவியில் கல்லுக்கா பஞ்சம் என்று
கேட்டவர்கள் சிரிப்பார்கள்.
எங்கள் வாசல் முழுக்க அறுப்பு மிச்சம்:
ஓரம் உடைந்த பலகை, நரம்பு ஓடிய பலகை,
கப்பலேறத் தகுதியில்லை என்று கம்பெனி ஒதுக்கிய சிவப்பு.
மொபெட்டில் ஒவ்வொன்றாய்க் கட்டிவந்து
புழக்கடை வரைக்கும் பதித்துவிட்டார் இவர்.
மழை பெய்தால் முகம் தெரியும்.
கோழிகள் வழுக்கும்,
தன் அலகையே தான் இரண்டு கொத்து கொத்திவிட்டு
ஏமாந்து நிற்கும்.

போச்சம்பள்ளி சந்தையில் வாங்கிய ஐந்து.
தெருநாய்க்குப் பயந்து
வலைக்குள்ளேயே வளர்த்தேன்.
மூட்டைத் தீவனம் தின்றவரை ஒரு குறையுமில்லை.
விலை ஏறியதும் கேழ்வரகுக்கு மாற்றினேன்,
பிறகு மக்காச்சோளம், முழுசு முழுசாக.

பத்தாம் நாள் புள்ளிக்கோழி
சுவரோரம் கண்மூடி நின்றது.
கழுத்தடிப் பையைத் தொட்டேன்.
நேற்றுப் போட்ட சோளம் நேற்றுப் போட்டபடியே,
விரலால் எண்ணிவிடலாம்.
எச்சத்தில் கிடந்த கேழ்வரகு
விதைத்தால் முளைத்துவிடும்போல் இருந்தது.

பர்கூர் கால்நடை மருந்தகத்தில்
டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி:
"கல்லு திங்குதா?"
எனக்குச் சுருக்கென்றது.
சோளம் வாங்க வக்கில்லாமலா கல்லைப் போடுவேன்?
அவர் ரசீதைத் திருப்பி
ஒரு பை வரைந்தார், அதன் கீழே இன்னொரு பை.
மேலே இருப்பது ஊற.
கீழே இருப்பது ஆட்ட.
"வாயில பல்லில்ல. ஆட்டுக்கல்லு உள்ளதான் இருக்கணும்.
தீவனம் மாவாட்டம், அதுக்கு வேணாம்.
முழுத் தானியம் போட்டா வேணும்."
முட்டை ஓட்டுக்குக் கிளிஞ்சல் வைக்கிறேனே என்றேன்.
அது கரைஞ்சிடும், என்றார், கரையாத கல் கேட்கிறேன்.
மண்ணில் மேய்ந்தால் அதுவே பொறுக்கிக்கொள்ளும்.
"உங்க வாசல் எப்படி, மண்ணா?"
நான் புள்ளியைப் பையில் போட்டு மூடினேன்.

அன்று ராத்திரி இவர் பட்டறையிலிருந்து
அரை வாளி பொடிச்சில் கொண்டுவந்தார்.
என் மாவுச் சல்லடையை எடுத்து
நின்றுகொண்டே சலித்தார்.
மிளகளவு மேலே தங்கியது.
கீழே விழவேண்டியது விழாமல்
டியூப்லைட் வெளிச்சத்தில் மிதந்து
இவர் மீசையில், இமையில் உட்கார்ந்தது.
இருமினார்.
போன தையில் தொடங்கிய இருமல்.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தபோது
நெஞ்சுக்கூடு நிறைய வெள்ளைப் புள்ளி.
சளி என்றார்கள் முதலில்.
பிறகுதான் என்ன வேலை என்று கேட்டார்கள்.

சல்லடையைப் பிடுங்கினேன்.
வாளியைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
மூன்று தரம் அலசினேன்.
தூசி பால்போல் வடிந்து
சாக்கடை வரைக்கும் போனது.
மிஞ்சிய கல்லைக் கொட்டாங்குச்சியில் வைத்தேன்.

கோழிகள் ஒன்றும் முண்டியடிக்கவில்லை.
தலை சாய்த்துப் பார்த்து
ஒன்றைக் கொத்தி, கீழே போட்டு,
வேறொன்றை எடுத்து விழுங்கின,
நகைக்கடையில் என் நாத்தனார் மாதிரி.
ஏழெட்டு. போதுமென்று நகர்ந்துகொண்டன.

நாலாம் நாள் புள்ளியைத் தூக்கி
வயிற்றில் காது வைத்தேன்.
நறுக், நறுக்.
தூரத்தில் யாரோ சரளையில் நடப்பதுபோல.

தூங்குகிற இவர் முதுகிலும் வைத்தேன்.
கிட்டத்தட்ட அதே சத்தம்.
இங்கே எதுவும் அரைபடவில்லை.

விடியுமுன் கடப்பாரையோடு வாசலுக்குப் போனேன்.
இரண்டு பலகை பெயர்ந்தது.
அடியில் ஈர மண், மண்ணில் பொடிக்கல்,
வெளிச்சம் பட்டதும் ஓடுகிற பூரான் ஒன்று.
வலையைத் திறந்ததும் ஐந்தும் இறங்கின.
பூரான் தப்பவில்லை.
"எவ்ளோ கஷ்டப்பட்டுப் பதிச்சேன்"
பின்னாலிருந்து குரல்.
மூன்றாவதற்குக் கடப்பாரையை இவரே வாங்கினார்.
இரண்டு நெம்புக்கு ஒருமுறை நின்று
கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

ஏழு மணி வண்டி சந்துமுனையில் ஹாரன் அடித்தது.
இன்னிக்கு வேண்டாம் என்றேன்.
இவர் என்னைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார்.
வண்டி இன்னொரு முறை அடித்தது.